கனத்த குரலா? கவலை எதற்கு?

போன மாதம் பெரம்பலூரிலிருந்து என் நாத்தனார் அரியலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடவே ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். வந்ததிலிருந்து அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. "சாப்பிட்டியா கண்ணு?" என்றால் தலையாட்டல். "காபி வேணுமா?" என்றால் கையசைப்பு. மிஞ்சிப் போனால் காதருகில் வந்து ஒரு கிசுகிசுப்பு.

அடுப்படியில் வைத்து நாத்தனார் விஷயத்தை உடைத்தாள்.

"அண்ணி, இவ குரல் வர வர கட்டையாப் போயிடுச்சு. பள்ளிக்கூடத்துல ஆம்பளைக் குரல்னு கேலி பண்றாங்களாம். தெரிஞ்ச கேள்விக்குக்கூட எந்திரிச்சுப் பதில் சொல்ல மாட்டேங்கறா. குரல் மெலிசாக ஏதாச்சும் கைவைத்தியம் இருக்கா? தேன், அதிமதுரம்னு எது சொன்னாலும் சரி. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க என்ன சொல்வாங்க?"

சகோதரிகளே, ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அதற்குள் பெண் பார்க்கும் கவலை! ஆனால் நாத்தனாரை மட்டும் குறை சொல்லி என்ன? பெண் குரல் என்றால் குயில் மாதிரி இருக்க வேண்டும் என்று நாம் எல்லோருமே நினைத்துப் பழகிவிட்டோம்.

அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கைபேசியில் ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டேன். "ஆகாசவாணி. செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று கணீரென்று வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய சகோதரிகளுக்கு இதைப் படிக்கும்போதே அந்தக் குரல் காதில் ஒலிக்குமே! காலை 7.15 மணிக்கு டெல்லிச் செய்தியைத் திருச்சி வானொலி அஞ்சல் செய்யும். 1939-ல் தொடங்கிய அந்த நிலையம்தான் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொந்த ரேடியோ. அந்தக் குரல் வந்தால் அடுப்பில் இட்லி ஏறியிருக்க வேண்டும், பிள்ளைகள் குளித்திருக்க வேண்டும். கடிகாரம் இல்லாத வீட்டில் அதுதான் கடிகாரம்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினாள்.

"அத்தை, இவங்க குரலும் கனமாத்தானே இருக்கு?"

"ஆமாண்டி கண்ணு. இந்தக் குரலைக் கேட்கத்தான் தமிழ்நாடே ரேடியோவைத் திருப்பும்" என்று கதையைச் சொன்னேன்.

சரோஜ் நாராயணசுவாமிக்குப் பூர்வீகம் தஞ்சாவூர். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மும்பை. டெல்லி ஆகாசவாணியில் தமிழ்ச் செய்தி வாசித்த முதல் பெண் என்று பெயர் வாங்கியவர். சுமார் 35 ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். ஆவணப் படங்களுக்கும் குரல் கொடுத்தார். 2009-ல் தமிழக அரசின் கலைமாமணி விருது கிடைத்தது. 2022 ஆகஸ்டில் மும்பையில் தமது 87-வது வயதில் காலமானபோது, அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்திராதவர்கள் சொந்தக்காரரை இழந்ததுபோல வருந்தினார்கள்.

செய்தி வாசிப்பது என்றால் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது டெல்லியில் செய்தி ஆங்கிலத்தில் வரும். அதை மளமளவென்று தமிழாக்கி, உடனே ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். திக்கக் கூடாது, இருமக் கூடாது. சாவுச் செய்தி என்றாலும் குரல் உடையக் கூடாது. தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்த ஒரு பெண் ல, ள, ழ மூன்றையும் பிசகாமல் உச்சரித்தார் என்றால் அது வரம் அல்ல, உழைப்பு. இனிமைக்காக அவரை யாரும் கேட்கவில்லை. தெளிவுக்காகக் கேட்டார்கள், கம்பீரத்துக்காகக் கேட்டார்கள்.

இனி வைத்தியத்துக்கு வருவோம்.

குரல்வளையில் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. பெண்கள் பேசும்போது அவை விநாடிக்குச் சுமார் 200 தடவை அதிர்கின்றன. வயதுக்கு வரும் பருவத்தில் பையன்களுக்குக் குரல் உடைவது நமக்குத் தெரியும். பெண் பிள்ளைகளுக்கும் அந்த நாண்கள் கொஞ்சம் வளர்ந்து குரல் சற்று இறங்கும். சிலருக்குக் கூடுதலாக இறங்கும். அது உடம்பின் அமைப்பு, நோய் அல்ல. தேன் தொண்டைக்கு இதம்தான். ஆனால் அது உணவுக் குழாய் வழியாகப் போகிறது, குரல் நாணைத் தொடுவதே இல்லை. அதிமதுரத்தை நாள்தோறும் அள்ளிக் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறிவிடும், ஜாக்கிரதை!

அதற்காக எல்லாக் கரகரப்பையும் சும்மா விட்டுவிடவும் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குரல் தடிக்கும். நாங்களும் முதல் வேலையாகப் பிள்ளையைக் காட்டினோம். "நாண்கள் நன்றாக இருக்கின்றன. கிசுகிசுவென்று பேசுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அதுதான் தொண்டைக்குச் சிரமம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

இளம் தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்புக் காய்ப்பதுபோல, ஓயாமல் கத்தினால் குரல் நாணிலும் காய்ப்பு விழும். அடுப்படியிலிருந்தே தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடாமல், நாலு எட்டு நடந்து போய்க் கூப்பிடுங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். சும்மா சும்மா தொண்டையைச் செருமாதீர்கள். எங்கள் ஊர் மாதிரி சிமெண்ட் லாரி ஓடும் சாலையில் போகும்போது மூக்கையும் வாயையும் முந்தானையால் மூடிக்கொள்ளுங்கள். குரல் கம்மினால் இரண்டு நாள் பேச்சைக் குறையுங்கள். (வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார், அது வேறு விஷயம்!)

ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினமும் பத்து நிமிஷம் பேப்பரை வாய்விட்டு, நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். யாருக்கு? கண் மங்கிப்போன அவள் தாத்தாவுக்கு.

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, பள்ளிக்கூடத்துல இன்னும் கேலி பண்ணத்தான் செய்றாங்களாம். ஆனா இவ எந்திரிச்சுப் பதில் சொல்றாளாம். காலையில பேப்பர் வர லேட்டானா எங்க மாமனார் வாசலுக்கும் திண்ணைக்குமா நடக்கறார்!"

"பொண்ணு பாக்க வர்றவங்க?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"அட போங்க அண்ணி, அது கிடக்கட்டும். முதல்ல அவ படிக்கட்டும்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் குரலுக்காகக் கூசி வாயை மூடிக்கொண்ட பெண் பிள்ளை இருந்தால், இன்றைக்கே ஒரு பத்திரிகையை அவள் கையில் கொடுத்து, "படிம்மா, கேட்கிறேன்" என்று எதிரில் உட்காருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.