மச்சான் முறையைத் திட்டியது போதும்

இலங்கையின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு கிளம்பும்போதெல்லாம் சொந்தத்துக்குள் முடிக்கும் கலியாணமும் சந்திக்கு இழுபடுகிறது. அதைத் தடைசெய்தால் பரம்பரை நோய் ஒழிந்துவிடுமாம். சொல்பவர்கள் முகநூல் சீர்திருத்தக்காரர்கள். கிழக்கில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் ஒரு கலியாண வீட்டில் பலர் கூடி உண்ணும் சகனில் குந்தியவர் யாரும் இப்படிப் பேச மாட்டார்.

அந்தப் பரம்பரை நோய்களில் வில்சன் நோயையே எடுப்போம். உடம்பில் மிஞ்சும் செம்பை ஈரல் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் அது நடக்காது. செம்பு ஈரலில் தேங்கி, பிறகு மூளைக்கும் கண்ணுக்கும் ஏறுகிறது. உம்மா, வாப்பா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் பிள்ளைக்கு நோய். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 30,000 பேருக்கு ஒருவர். மாமி மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு அதே கணக்கைப் போட்டால் சுமார் 2,500க்கு ஒன்று வரும். ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு! பயந்தான். ஆனால் மிச்சம் 2,499 பிள்ளைகளுக்கு இந்த நோய் இல்லை. சொந்தமென்று கண்டபடி கட்டுவதுமில்லை. தாய்வழிக் குடி பார்த்து, ஒரே குடிக்குள் சம்பந்தம் செய்யாத ஊர்கள் இவை; மாமி மகள், மாமா மகள் என்ற மச்சான் முறைக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள்தான். சொந்தத்துக்குள் கட்டுவதை முஸ்லிம் பழக்கம் என்பவருக்குப் பதில் எழுதி மை வீணாக்க மாட்டேன்.

ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 2,500 எங்கே, 4 எங்கே? காக்காவுக்கு மருந்து எழுதிவிட்டுத் தங்கச்சியைச் சோதிக்காமல் விட்டால் அது வைத்தியமே இல்லை.

நோய் தலைகாட்டுவது இப்படித்தான்: முத்து முத்தாக எழுதிய பிள்ளையின் கொப்பியில் எழுத்துக் கோணுகிறது. வாய்நீர் வடிகிறது, பேச்சுக் குழறுகிறது, சும்மா கோபம் வருகிறது. கவனமில்லை என்பார் சேர். வீட்டில் தண்ணி ஓதிக் கொடுப்பார்கள். மஞ்சட்காமாலையாகத் தொடங்கினால் கீழ்க்காய்நெல்லிச் சாறு. ஓதட்டும். ஆனால் அதே கிழமையில் இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற செம்புப் புரதமும் 24 மணிநேரச் சிறுநீரில் செம்பும் பார்க்க வேண்டும். கருவிழி ஓரத்துப் பழுப்பு வளையம் வரட்டும் என்று காத்திருப்பது மடத்தனம். ஈரல் மட்டும் கெட்ட பிள்ளைகள் பலருக்கு அது தெரிவதேயில்லை.

1956இல் ஜோன் வோல்ஷ் பெனிசிலமைனைக் கொண்டுவந்ததிலிருந்து இது மருந்துள்ள நோய், துத்தநாகமும் உண்டு. ஆயுள் முழுக்க விடாமல் எடுக்க வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் ஈரல் அடுப்பில் மணக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் "உனக்கு வேணாம் மகன்" என்று சொல்லவும் வேண்டும்; ஈரலில் செம்பு அவ்வளவு. 2022இல் டொலரில்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்ததே, விடக்கூடாத மருந்தை நம்பியிருக்கும் பிள்ளைகளின் கதியை எந்த மேடையில் பேசினார்கள்?

மேடைக்கு இங்கே பஞ்சமில்லை. 2019இல் வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டுத் தமிழர் தரப்பில் உண்ணாவிரதமும் முஸ்லிம் தரப்பில் எதிர்ச் சத்தியாக்கிரகமும் நடந்த நகரம் கல்முனை. வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலை ஒன்று, அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று என இரண்டு. எது யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும். செம்புக்கு அந்தப் பேதம் தெரியாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பரம்பரைநோய் கிளினிக்கும் ஒரே பதிவேடும் வைக்கச் சம்மதிக்கும்வரை, இரு தரப்புப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் புதுக் கட்டடத்துக்கென்று ஒரு சதமும் ஒதுக்கக் கூடாது.