குனியாமல் ஏறும் கார்

காரில் ஏறுவதெல்லாம் ஒரு கஷ்டமா என்று கேட்பவர்களுக்கு இன்னும் முழங்கால் வலி வரவில்லை என்று அர்த்தம். இடுப்பில் தூங்கும் குழந்தை, தோளில் பை. பக்கத்து வண்டியில் இடிக்காமல் கதவை அரையடி திறந்து, உடம்பை ஒடுக்கி உள்ளே நுழைவதற்குள் குழந்தை விழித்து அழ ஆரம்பித்துவிடும். பாட்டிக்கோ தலை இடிக்கும், கால் மடங்காது.

இந்தக் கஷ்டத்தை நினைத்தே ஜப்பானில் ஒரு கார் வகையை வளர்த்திருக்கிறார்கள். ‘கேய் கார்’ என்பது அங்குள்ள சின்னக் கார்களின் பொதுப் பெயர். அதற்குச் சட்டமே அளவு வைத்திருக்கிறது. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சிசி, உட்காருபவர்கள் நான்கு பேர். இவற்றைத் தாண்டக் கூடாது. தாண்டாவிட்டால் வரி குறைவு. நம் ஊரில் டாக்ஸிக்கு இருக்கும் மஞ்சள் நம்பர் பிளேட், அங்கே சொந்த உபயோகத்துக்கான கேய் காருக்கு!

நீளத்தையும் அகலத்தையும் கூட்ட முடியாது. ஆனால் உயரத்துக்கு 2 மீட்டர் வரை அனுமதி உண்டு. அந்த இடத்தைப் பயன்படுத்தி 1993-ல் சுசூகி கொண்டுவந்ததுதான் வேகன்ஆர். பெரிய இன்ஜினோடு பிறகு நம் ஊருக்கும் வந்ததே, அதேதான். 2003-ல் டைஹாட்சு ‘டான்டோ’ இன்னும் உயர்ந்தது. 2007-ல் வந்த அடுத்த டான்டோவில் இடது பக்கப் பின்கதவு, நம் பழைய ஆம்னி வேனைப் போல, பின்னால் நகர்ந்து திறந்தது. நடுத்தூணையும் கதவுகளுக்குள்ளேயே மறைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து இரண்டு கதவுகளையும் திறந்தால், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வாசல்!

2011 கடைசியில் வந்தது ஹோண்டா ‘என்-பாக்ஸ்’. அதில் பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதனால் பின்பக்கத் தளம் தாழ்ந்து, உள்ளே உயரம் கூடியது. பின்சீட்டை மடக்கினால் சைக்கிளையே ஏற்றலாம். பெரிய கார்களையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஜப்பானில் மிக அதிகமாக விற்ற கார் இதுதான்.

குறைகளும் உண்டு. நகரும் கதவுக்குத் தண்டவாளம், மோட்டார் என்று எடையும் விலையும் கூடும். உயரமான உடம்பு என்பதால் பக்கக் காற்று தள்ளும். இன்ஜின் சக்தி 64 குதிரைக்கு மேல் போகாது. நான்கு பேரோடு மேட்டில் ஏறும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐந்தாவது ஆளுக்கு இடமே கிடையாது.

ஆனாலும் ஜப்பானியக் குடும்பங்கள் இதை விரும்பி வாங்குகின்றன. வேகத்தை என்றைக்கோ ஒருநாள்தான் பார்ப்போம். ஏறுவதும் இறங்குவதும் தினமும் நடப்பது.

நாம் கார் வாங்கும்போது என்ன செய்கிறோம்? ஓட்டப்போகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கிறார், மைலேஜ் கேட்கிறார், நிறம் சொல்கிறார். முடிவாகிவிடுகிறது. பின்சீட்டில் உட்காரப்போகும் அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். யாரும் கை கொடுக்காமல் அவரே ஏறி, உட்கார்ந்து, இறங்கிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு விலை பேசலாம்.