தராசில் வைக்கும் முன்

டயகம, அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஒரு பழைய வெள்ளிக் கரண்டியோ தேநீர்க் குவளையோ மதிப்பீட்டுக்கு வந்தால், நம்மில் பலர் முதலில் தராசைத்தான் தேடுகிறோம். அன்றைய வெள்ளி விலையை எடையால் பெருக்கி ஒரு தொகை சொல்கிறோம். பேச்சு அதோடு முடிகிறது. பொருள் செட்டியார் தெருவுக்குப் போய் உருகிவிட்டால், அது எங்கே செய்யப்பட்டது, எந்தப் பங்களா மேசையில் கிடந்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. இந்த வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

பிரித்தானிய வெள்ளியின் முத்திரைகளை வாசிப்பது பழகினால் வரும் வித்தைதான். நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை இலண்டனைக் குறிக்கும், நங்கூரம் பர்மிங்ஹாமை, கிரீடம், 1974 வரை, ஷெஃபீல்டை. ஆண்டைச் சொல்லும் எழுத்து நகருக்கு நகர் மாறும் என்பதால் நகரைக் கண்டுகொள்ளாமல் ஆண்டைச் சொல்லக் கூடாது. அரசர் அல்லது அரசியின் தலை பொறித்திருந்தால், அது 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கான அடையாளம். மலையகத் துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம். எடின்பரோவின் கோட்டை முத்திரைக்குப் பக்கத்தில் சிங்கம் நடக்காது. திஸில் எனும் முட்பூதான் இருக்கும். சிங்கம் இல்லையே என்று அதை முலாம் பூசியதாக ஒதுக்கினால் உடையவருக்கு நாம் செய்வது பெரும் அநியாயம். சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் வெள்ளியில் இந்தச் சோதனை முத்திரைகளே இருக்காது, கடைப் பெயர் மட்டுமே இருக்கும். அதுவும் வெள்ளிதான்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அதன்பின் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின் மேல் வெள்ளி பூசிய ஈ.பி.என்.எஸ். கரண்டிகள் உலகெங்கும் போயின. அவற்றில் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள் அடித்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளி முத்திரை வரிசை போலவே தெரியும். ஆனாலும் முலாம் என்றதும் அதைக் கழித்துவிட வேண்டாம். தோட்டத்தின் பெயரோ கிளப்பின் பெயரோ வெட்டப்பட்ட ஒரு முலாம் முள்ளுக்கரண்டி, பெயர் ஊர் தெரியாத ஒரு டசின் அசல் வெள்ளிக் கரண்டிகளைவிட மலையக வரலாற்றுக்கு வேண்டியது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டயகமவின் குளிர் காலை இந்த வேலைக்கு வாய்ப்பானது. கரண்டிக் காம்பின் மேல் மெதுவாக ஊதிப் பாருங்கள். மூச்சின் ஈரம் படியும் கணத்தில், தேய்த்து அழித்த பெயரெழுத்துகளின் நிழலும் பழைய பற்றாசுக் கோடும் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தை இரு விரல்களால் பிடித்தால் தகடு மெலிந்திருப்பதும் தெரியும். கரண்டிக் கிண்ணத்தின் நுனியைக் கவனியுங்கள். வலக்கைப் பழக்கத்தால் அதன் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அது நெடுங்காலம் புழங்கிய பொருள். வெள்ளிப் பிடிக் கத்தியை எடை போடுவது வீண்: பிடி மெல்லிய தகடு, உள்ளே நிரம்பியிருப்பது கீல். அலகு துருப்பிடிக்காத எஃகு என்றால் அது 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருவாக்கியதற்குப் பிந்தியது. விக்டோரியா காலப் பிடியில் அத்தகைய அலகு இருந்தால் அது பின்னர் மாற்றப்பட்டது. இவ்வளவையும் பார்த்து முடிக்கும் வரை பொலிஷ் போத்தலைத் திறக்காதீர்கள்.

செய்த ஆண்டு வேறு, மலைக்கு வந்த ஆண்டு வேறு. ரயில் ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும்தான் வந்தது. 1860இல் செய்த கரண்டி கோப்பிக் காலத்தில் மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் ஏறியிருக்கலாம். தேயிலைக் காலத்தில் ஒரு துரைசாணியின் சீதனப் பெட்டியில் ரயிலேறியும் வந்திருக்கலாம். முத்திரை இதைச் சொல்லாது, வெட்டெழுத்து சொல்லும். லூல்கந்துரத் தோட்டத்தின் ஜேம்ஸ் டெய்லருக்குத் தோட்டத்துரைமார் சங்கம் வழங்கிய வெள்ளித் தேநீர், கோப்பிப் பாத்திரத் தொகுதியை நினைத்துப் பாருங்கள். அதில் அவர் பெயரும் தோட்டப் பெயரும் 1891 என்ற ஆண்டும் வெட்டப்பட்டன. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். அந்தச் சில வரிகளை மழித்துவிட்டால் மிஞ்சுவது எத்தனை அவுன்ஸ் என்ற கணக்கு மட்டுமே.

வெட்டெழுத்தும் இல்லாதபோது சாட்சி யார்? பங்களா அப்புவும் பேன்ட்ரியில் வேலை செய்தவர்களும்தான். எந்தக் கரண்டி கிறிஸ்மஸ் விருந்துக்கு வெளியே வரும், எது எந்த அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களில் பலர் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்விட்டார்கள். 1972, 1975 தேசியமயமாக்கலிலும் 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோதும் தோட்டங்கள் கைமாறின. பொருளைப் புழங்கியவர்களும் அதன் ஏடுகளும் இப்படிப் பிரிந்துபோனதால், முதியவர்களின் வாய்மொழி நமக்கு இரண்டாந்தர ஆதாரம் அல்ல. லயத்துக்குப் போய், “தாத்தா, இந்தக் கரண்டிய எந்தப் பங்களாவில பாத்திருக்கீங்க?” என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். சொன்னவர் விரும்பினால் அவர் பெயரை அறிக்கையில் ஆய்வாளர் பெயருக்கு அருகில் எழுத வேண்டும். லயத்து வீட்டில் வெள்ளி இருந்தால் உடனே “எப்படிக் கிடைத்தது?” என்று புருவம் உயர்த்தும் கெட்ட பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நாடு திரும்பிய துரை, பல வருடம் சமைத்துப் போட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பொருளாக அது இருக்கலாம். திருட்டுப் பழிக்கு அஞ்சி அந்தக் குடும்பம் அதை இருட்டோடு இருட்டாக எடைக்கு விற்றுவிட்டால், அந்தப் பொருள் அழிந்ததில் நமக்கும் பங்குண்டு.

விலை சொல்லும்போது இலண்டன் ஏலப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். யானைத் தந்தப் பிடியுள்ள கத்திகளுக்கு 2022இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானியத் தந்தச் சட்டத்தால் அங்கே சந்தையே ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. இங்கே 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம் பண்பாட்டு ஆதனமாகக் கருதப்படும் பொருட்களின் ஏற்றுமதியையும் வணிகத்தையும் உரிமப்பத்திரத்துக்குள் வைத்திருக்கிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது மதிப்பீட்டாளரின் கடமை.

அடுத்த இதழிலிருந்து மலையக முத்திரைகளுக்கும் வெட்டெழுத்துகளுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். படத்தை அளவுகோல் வைத்து, பக்க வெளிச்சத்தில், துலக்காத நிலையில் எடுத்து அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதுங்கள். உடையவரின் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் எழுத வேண்டாம்.