விலக்குச் சான்றிதழா, சிலம்பக் கம்பா?

பள்ளி திறக்கும் பருவத்தில் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் தவறாமல் கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது டாக்டர், விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்குக் கேட்டு ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுங்கள்." பல ஆண்டுகள் நானும் மறுக்காமல் எழுதிக் கொடுத்தேன். அவற்றுள் பெரும்பாலானவை தேவையற்றவை என்று இன்று கருதுகிறேன்.

என் எண்ணத்தை மாற்றியவள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. அண்ணன் சிலம்பம் பயில, அவள் நாள்தோறும் மைதானத்தின் ஓரத்தில் தாயின் அருகே அமர்ந்திருப்பாள். "எனக்கு எப்போது சரியாகும்?" என்று ஒருநாள் கேட்டாள். அவளுடைய ஆஸ்துமா பல மாதங்களாகவே கட்டுக்குள் இருந்தது. அவளை ஓரத்தில் உட்கார வைத்தது நோயன்று. நான் எழுதிய தாள்.

5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆஸ்துமா கட்டுக்குள் உள்ள குழந்தைக்கும் இது பொருந்தும். ஓடினால் மூச்சிரைக்கிறது என்றால், பெரும்பாலும் மருந்தைச் சீர்செய்ய வேண்டும் என்பதே பொருள். ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதன்று.

நம் ஊர்ப் பெற்றோருக்குச் சிலம்பத்தைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. தொடக்கத்தில் எதிராளி இல்லை. காலடியும் கம்பு வீச்சும்தான். குழந்தை தன் மூச்சுக்கேற்ப வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. 2026இல் நம் புதுச்சேரியின் சிலம்ப ஆசான் கே. பழனிவேல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நல்ல ஆசான்களைத் தேடி நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை.

எனினும் உடனே ஓராண்டுக் கட்டணம் செலுத்திவிட வேண்டாம். ஒரு மாதம் முயன்று பாருங்கள். முதல் நாள் பிள்ளையைச் சேர்க்காமல், நீங்கள் மட்டும் அமர்ந்து ஆசானைக் கவனியுங்கள். உடலைச் சூடேற்றும் பயிற்சிக்குப் பிறகே கம்பைத் தருகிறாரா? களைத்த பிள்ளையை உட்கார விடுகிறாரா, கேலி செய்கிறாரா? கம்புகளுக்கிடையே போதிய இடைவெளி இருக்கிறதா? ஒருவரையொருவர் தாக்காத பயிற்சியிலிருந்தே குழந்தைகள் தற்காப்புக் கலையைத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் அறிவுறுத்தியது. போட்டிக்கு அவசரப்படுத்தும் வகுப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

நிவாரண இன்ஹேலர் பையில் எப்போதும் இருக்கட்டும். அதை எப்போது தருவது என்று ஆசானுக்கும் தெரிந்திருக்கட்டும். பேச முடியாமல் மூச்சுத் திணறினாலோ, விலா எலும்புகளுக்கிடையே தசை உள்வாங்கினாலோ பயிற்சியை உடனே நிறுத்தி, மருந்து கொடுத்து, மருத்துவமனைக்கு விரையுங்கள். "மூச்சுப் பயிற்சியே போதும், மருந்தை நிறுத்திவிடுங்கள்" என்று எவர் சொன்னாலும் கேளாதீர்கள். அப்படி நிறுத்திய சில பிள்ளைகளை அவசரப் பிரிவில் நள்ளிரவில் கண்டிருக்கிறேன். சிலம்பம் உடலுக்கு உரமூட்டும், ஆஸ்துமாவைக் குணப்படுத்தாது.

விலக்கு உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைகளும் உளர். சிலவகை இதய நோய், இரத்தம் உறையாக் குறைபாடு, கட்டுக்குள் வராத வலிப்பு ஆகியவை உள்ளவர்களுக்கு, மருத்துவரைக் கேட்காமல் எந்த வகுப்பும் வேண்டாம்.

அந்தச் சிறுமி ஒரு மாத முயற்சியாகச் சேர்ந்தாள். ஒருநாள் மாலை மூச்சிரைத்தது. தாய் மருந்தைக் கொடுத்து, ஆசானிடம் சொல்லி, வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மறுவாரம் மருந்தின் அளவை மாற்றினேன். வகுப்பை நிறுத்தும்படி தாய் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று அவள் பதக்கம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் "எப்போது சரியாகும்" என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோர்களே, எழுதித் தர நான் ஆயத்தமாகவே இருக்கிறேன். அதற்குமுன் உங்கள் பிள்ளையின் மூச்சை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள அனுமதியுங்கள். விளையாடலாம் என்று எழுதித் தரவும் என்னிடம் தாள் உண்டு.