கம்பி முனையில் உயிர்

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் செல்லும் வழியில், உச்சிப்புளியில் நமது கடற்படையின் விமான நிலையம் இருக்கிறது. 2009-ம் ஆண்டு முதல் அதற்குப் ‘பருந்து’ என்று பெயர். பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் வானிலிருந்து காவல் புரிவதும், ஆபத்தில் சிக்கிய மீனவரைத் தேடுவதும் இத்தகைய நிலையங்களின் கடமை. விமானத்தின் இறக்கையையும் யந்திரத்தையும் புகழ்வோர் பலர். கருவிப் பலகைக்குப் பின்னால் ஓடும் கம்பிகளை நினைப்போர் சிலரே. அக்கம்பிகளைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

இரவில் கடலின் மேல் பறக்கும் விமானிக்குக் கருவிகளே கண்கள். எண்ணெயின் அழுத்தம், எரிபொருளின் இருப்பு, யந்திரத்தின் சூடு ஆகியவற்றைக் கம்பி வழியே வரும் மின்சாரமே அறிவிக்கிறது. கம்பி அறுந்துபோனால் முள் விழுந்துவிடும், குற்றம் தெரிந்துவிடும். இணைப்புத் தளர்ந்தாலோ, முள் ஒரு கணம் உண்மையும் மறுகணம் பொய்யும் பேசும். தரையில் யந்திரம் ஓய்ந்திருக்கையில் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். வானில் அதிர்வு ஏற்பட்டதும் பழைய குறை மீண்டும் தலைகாட்டும். ஆதலால், அறுந்த கம்பியைவிடத் தளர்ந்த கம்பியே அபாயமானது.

நமது கரையில் உப்புக் காற்றும் இதற்குத் துணை நிற்கிறது. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை அது அரித்ததன் விளைவாக, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. கண்ணெதிரே நிற்கும் உத்தரங்களின் கதியே இதுவானால், ஊசி போன்ற இணைப்பு முனைகளின் கதியைக் கூறவும் வேண்டுமோ?

பரிகாரம் கடினமானதன்று, பொறுமை வேண்டும். நாடாவைச் சுற்றிவிட்டுப் போவது பரிகாரமாகாது. முனைகளைத் துடைத்து, துரு ஏறியவற்றை மாற்ற வேண்டும். இணைப்பின் வளையத்தை முற்றும் அமரும்வரை திருக வேண்டும். திருகு இறுகும் திசையிலேயே இழுக்கும்படி பூட்டுக் கம்பி கட்ட வேண்டும். கம்பியின் பாரம் முனையில் விழாதபடி அருகிலேயே கிளிப்பு இட்டு, சிறிது தளர்ச்சியும் விட வேண்டும். பிறகு வேறொருவர் வந்து பார்க்க வேண்டும்.

அலட்சியத்தின் விலையை உலகம் கண்டிருக்கிறது. 2014 டிசம்பர் 28-ம் தேதி சுரபயாவிலிருந்து சிங்கப்பூர் சென்ற ஏர் ஏசியா விமானம் கடலில் வீழ்ந்து 162 பேர் மாண்டனர். சுக்கானைச் சார்ந்த மின்னணுச் சாதனமொன்றின் பற்றவைப்பில் வெடிப்பு இருந்ததை விசாரணை கண்டது. விமானிகள் நிலைமையைச் சமாளிக்கத் தவறியதும் உண்மையே. ஆனால், முந்திய 12 மாதங்களில் அதே கோளாறு 23 முறை குறிக்கப்பட்டிருந்தது! குறித்தார்கள், வேரைக் களையவில்லை.

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் தலைமை வகித்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10-ல் வங்கக் கடலில் வீழ்ந்தது. காரணம் ஒரு வால்வின் கசிவு. குறையை மறைக்காமல் தேடிக் களைந்ததால், 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் ரோகிணியை விண்ணில் நிறுத்திற்று.

சிவில் விமானம் பழுதுபார்க்கப்பட்டபின், உரிமம் பெற்ற பராமரிப்பு எஞ்சினீயர் கையெழுத்திட்டால்தான் பறக்கலாம் என்பது விதி. அக்கையெழுத்து சுதந்திரமானதாக இருக்க வேண்டும். நேரமாகிவிட்டதென்றோ நஷ்டமென்றோ மேலதிகாரி நெருக்குவாரானால், விதி வெறுங் காகிதமே. மீண்டும் வரும் குறையை ‘குறை காணப்படவில்லை’ என்று எழுதி மூடுவதையும் நிறுத்த வேண்டும்.

விமானம் வாங்குவதாலும் செய்வதாலும் மட்டும் ஒரு தேசம் பறந்துவிடாது. திருகு முனையோடு குனிந்து நிற்கும் தொழிலாளி, “இவ்விமானம் இன்று பறக்கலாகாது” என்று அச்சமின்றிச் சொல்லவும், அச்சொல்லுக்கு அதிகாரிகள் தலைவணங்கவும் வேண்டும். அவ்வுரிமை நிலைபெறும்வரை, கடலின் மேல் பறப்போர் உயிர் அந்தக் கம்பியின் முனையிலேயே தொங்கும்.