ஓடுகிற ஆற்றுக்கும் பட்டாவா?

இங்கிலாந்தில் பெரும்பாலான ஆறுகளில் தோணி விட்டால் அத்துமீறல் என்கிறார்கள் நிலப்பிரபுக்கள்! வேடிக்கையல்ல, தோழர்களே. தண்ணீர் எவனுக்கும் சொந்தமில்லை. ஆனால் அடியிலுள்ள படுகை கரைக்காரனுடையது, ஆகவே மேலே மிதக்காதே என்பது வாதம். தகராறின்றித் துடுப்புப் போட நூற்றுக்கு 4 பங்கு ஆறுகள்தான் உண்டென்கிறது தோணிக்காரர் சங்கம்.

அன்று ஆலைகளுக்காகக் கட்டிய தடுப்பணைகள், ஆலை போன பின்னும் குறுக்கே நிற்கின்றன. அணையடிச் சுழல் ஆளை விடாது. கரையேறிச் சுற்றிப் போகலாமென்றால் அதுவும் அத்துமீறலாம்! மூழ்கிச் சாக மட்டும் அனுமதி வேண்டாம் போலும்.

1932-ல் மான்செஸ்டர் தொழிலாளர்கள் தடையை மீறிக் கிண்டர் மலை ஏறினார்கள். ஐவர் சிறை சென்றனர். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலையைத் திறந்தது, ஆற்றை விட்டுவிட்டது. "மீன் கலையும்" என்கிறார்கள், தூண்டில் குத்தகையில் காசு பார்ப்பவர்கள். நாம் கேட்கிறோம்: 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்காட்லாந்து தன் ஆறுகளைத் திறந்துவிட்டதே, அங்கே தூண்டில் போடுவது நின்றா போயிற்று?