மார்மன் மதப் பிரசாரமும் 18 வயது வாலிபர்களும்

அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, பிலிப்பைன் தீவுகள் முதலிய பல தேசங்களில், வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் டை கட்டி, மார்பில் பெயர் எழுதிய ஒரு கறுப்பு வில்லையைக் குத்திக்கொண்டு, இரண்டிரண்டு பேராய் நடந்தோ சைக்கிளிலோ வீடு வீடாய்ப் போகின்ற வாலிபர்களைப் பார்க்கலாம். இவர்கள்தான் மார்மன் மதப் பிரசாரகர்கள். 2024-ம் வருஷ முடிவில் இவர்களுடைய தொகை 74,000-க்கு மேற்பட்டதாக அம்மதத் தலைமை நிலையமே கணக்கு வெளியிட்டிருக்கிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் 18 வயதிலோ அதற்கு ஒன்றிரண்டு வருஷம் மேலேயோ புறப்பட்ட பிள்ளைகள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.

இவர்களைப் பற்றி நாம் எழுத வந்தது இவர்களைப் பரிகாசம் செய்வதற்காக அல்ல. இப்பிள்ளைகள் அயல் நாட்டில் ஒரு நாளைப் பொழுது விடிந்ததிலிருந்து படுக்கப் போகிற வரையில் எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்த்தால், மதம் என்பது ஒரு வாலிபனுடைய அறிவை எந்த வயதில், எந்த வழியில் தன் கைக்குள் அடக்குகின்றது என்பது வெட்ட வெளிச்சமாகத் தெரியும். அதற்காகவே எழுதுகிறோம்.

முதலில் இம்மதத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாய்ச் சொல்லுவோம். இது மிகப் பழைய மதமல்ல. 1830-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் ஸ்தாபிக்கப்பட்டது. ஒரு தேவதூதன் தனக்குத் தங்கத் தகடுகளைக் காட்டினான் என்றும், அதில் எழுதியிருந்ததைத் தெய்வ சகாயத்தால் மொழிபெயர்த்தேன் என்றும் சொல்லி, "மார்மன் புஸ்தகம்" என்ற ஒன்றை அவ்வருஷத்திலேயே அவர் அச்சிட்டார். தகடுகளைப் பார்த்ததாகப் பதினொரு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தகடுகள் இப்பொழுது எங்கே என்று கேட்டால், தேவதூதனே திரும்ப வாங்கிக்கொண்டான் என்பதுதான் பதில். 1844-ல் ஸ்மித்தை ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து கொன்றது. பிறகு பிரிகாம் யங் என்பவர் அக்கூட்டத்தாரை அழைத்துக்கொண்டு 1847-ல் மேற்கே போய் சால்ட் லேக் பட்டணத்தை உண்டாக்கினார். இன்றும் அதுவே தலைமை ஸ்தலம்.

ஆதிகாலத்தில் இம்மதத்தைப் பரப்பப் போனவர்களில் பலர் வயது முதிர்ந்த குடும்பஸ்தர்கள். 1853-ல் நமது சென்னைக்கே ரிச்சர்டு பாலன்டைன் என்பவர் பெண்டு பிள்ளைகளை அமெரிக்காவில் விட்டுவிட்டு வந்து, பத்திரிகைகூடப் போட்டுப் பார்த்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே சேர்ந்தார்கள். அடுத்த வருஷமே அவர் திரும்பிப் போய்விட்டார். அப்பொழுது அவருக்கு வயது 36. உலகத்தைப் பார்த்த மனிதன் தன் புத்தியில் பட்டதைச் சொல்ல வந்தான் என்றாவது அதற்குச் சமாதானம் சொல்லலாம். இன்றோ அனுப்பப்படுகிறவன் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த பையன். 2012 வரையில் ஆண்பிள்ளைகளுக்கு 19 வயது என்றிருந்ததையும் அவ்வருஷத்தில் 18 ஆகக் குறைத்துவிட்டார்கள். அந்தப் பையனுக்குக் கொடுக்கும் பட்டமோ "எல்டர்", அதாவது மூப்பர்! மீசை சரியாய் முளைக்காதவனுக்கு மூப்பர் பட்டம் கொடுப்பதில் மதத்தைப்போல் தாராளமானது வேறொன்றுமில்லை.

இனி அவனுடைய வாழ்க்கையைப் பார்ப்போம். எந்தத் தேசத்துக்குப் போவது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. சால்ட் லேக்கிலிருந்து உத்தரவு வரும். பிரேசில் என்றால் பிரேசில், ஜப்பான் என்றால் ஜப்பான். புரோவோ முதலிய இடங்களிலுள்ள பயிற்சி நிலையங்களில் சில வாரம் பாஷையும் பாடமும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம். போன இடத்தில் பொதுவாகக் காலை 6.30 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். சிறிது தேகப்பயிற்சி, குளியல், ஆகாரம். பிறகு தனியாக வேதப் படிப்பு. அதன்பின் கூட்டாளியோடு சேர்ந்து வேதப் படிப்பு. அயல் பாஷைக்காரனாயிருந்தால் பாஷைப் படிப்பு. பத்து மணி சுமாருக்கு வெளியே கிளம்பினால் கதவு தட்டுவதும், தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேசுவதும், இசைந்தவர்கள் வீட்டில் பாடம் சொல்லுவதுமாக இரவு ஒன்பது, ஒன்பதரை மணிவரை அலைச்சல். இப்பொழுது கைபேசி மூலமாகவும் ஆள் தேடுகிறார்கள். இரவு 10.30-க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். எத்தனை பேரைக் கண்டோம், எத்தனை பாடம் நடந்தது, எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு நாள் வைத்தார்கள் என்று வாராவாரம் மேலே கணக்குக் கொடுக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்குக் கடிதம் எழுத ஓய்வு உண்டு. 2019 பிப்ரவரிக்கு முன்னெல்லாம் தாய் தகப்பனோடு டெலிபோனில் பேசுவதென்றால் பொதுவாக வருஷத்துக்கு இரண்டே தடவைதான். அவ்வருஷம் முதல்தான் வாரம் ஒரு தடவை பேசலாம் என்று இரங்கினார்கள். சினிமா கூடாது, காதல் கூடாது, தேயிலை, காப்பி, சாராயம், புகையிலை கூடாது, மதத்தார் அனுமதித்தது தவிர வேறு புஸ்தகம் கூடாது. ஒருவரையொருவர் சொந்தப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. "எல்டர் இன்னார்" என்று குடும்பப் பெயரால்தான் கூப்பிட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தனியாய் இருக்கக் கூடாது. மேலதிகாரி நியமித்த கூட்டாளி கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் எப்பொழுதும் இருக்க வேண்டும். அந்தக் கூட்டாளி இன்னார்தான் வேண்டும் என்று கேட்கவும் இடமில்லை. சில வாரங்களுக்கொரு முறை ஆளும் ஊரும் மாறும்.

நிற்க. இதில் மெச்சத்தக்கது ஒன்றுமில்லையா என்றால், தாராளமாய் இருக்கிறது. வெயிலிலும் பனியிலும் அலைகிறார்கள். முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தினாலும் சிரித்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போகிறார்கள். குடியில்லை, சூதில்லை. தட்சணை கேட்பதில்லை. அயல் பாஷையை ஏழை எளியவரோடு பழகிப் பேசக் கற்றுக்கொள்ளுகிறார்கள். ஒரு காசும் வாங்காமல் இரண்டு வருஷம் உழைக்கக்கூடிய 74,000 வாலிபர்கள் ஒரு கூட்டத்துக்குக் கிடைப்பார்களானால், அந்த உழைப்பு எழுத்தறிவுக்கும் வைத்தியத்துக்கும் குடிதண்ணீருக்கும் திரும்பினால் எவ்வளவு காரியம் நடக்கும் என்று எண்ணி நாம் ஏங்கவே செய்கிறோம். நமது குறை அவர்களுடைய உழைப்பைப் பற்றியதல்ல. அந்த உழைப்பை வாங்குகிற முறையைப் பற்றியதாகும்.

காசு வாங்காதது மாத்திரமல்ல. காசு கொடுத்து உழைக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பிள்ளையாயிருந்தால் அவனோ அவன் குடும்பத்தாரோ மாதம் 400 டாலர் கட்டி வந்ததை 2020 ஜூலை முதல் 500 ஆக்கினார்கள். இரண்டு வருஷத்துக்கு 12,000 டாலர் ஆகின்றது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் என்பது இதற்குப் புறம்பு. இப்படி வாங்குகிற ஸ்தாபனம் பஞ்சத்தில் அடிபட்டதா? அதன் முதலீடுகள் 2018-ல் சுமார் 3,200 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்திருந்ததாகவும், அவை வெளியே தெரியாமலிருக்க வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் கணக்குக் காட்டியதாகவும் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் மேற்பார்வை இலாகா 2023 பிப்ரவரியில் குற்றஞ்சாட்டியது. அச்சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. சேமித்த கூலியை எண்ணிக் கொடுக்கிற தகப்பன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இவ்வளவு அலைச்சலுக்குப் பலன் என்ன? 2024-ல் புதிதாய் மதம் மாறி ஞானஸ்நானம் பெற்றவர்கள் மூன்று லட்சத்துச் சொச்சம். பிரசாரகர் தொகையால் வகுத்தால் ஆளுக்கு வருஷத்துக்கு நாலு பேர். ஒரு வருஷம் முழுவதும் காலும் நாவும் தேய உழைத்து நாலு பேர்! வியாபாரக் கணக்கில் இது நஷ்டமாய்த் தோன்றும். ஆனால் இதில் ஐந்தாவதாக ஒருவன் இருக்கிறான். அவனே பெரிய லாபம். அவன்தான் பிரசாரம் செய்யப்போன அந்தப் பிள்ளை. ஒரே வார்த்தையை இரண்டு வருஷம், தினம் பத்து மணி நேரம், ஆயிரம் பேரிடம் சொன்னவன், கேட்டவர்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், தான் நம்பித்தானே தீருவான்? ஊழியத்துக்குப் போகிறவன் முதலில் தன்னையே மாற்றிக்கொள்ளுகிறான் என்று அம்மதத்தாரே பெருமையாய்ப் பேசிக்கொள்வதுண்டு. நாம் சொல்லுவதும் அதுவேதான். அவர்கள் பெருமை என்கிறார்கள், நாம் ஆபத்து என்கிறோம்.

ஏன் ஆபத்து என்கிறோம்? ஒரு கத்தோலிக்கர் வீட்டுக் கதவைத் தட்டி இந்தப் பிள்ளை என்ன சொல்லுகிறான் என்று பாருங்கள். உம்முடைய தகப்பனும் பாட்டனும் நம்பினார்கள் என்பதற்காக நீர் நம்ப வேண்டாம், நீரே படித்துப் பாரும், சரியென்று பட்டால் பழையதை விட்டுவிட்டு வாரும் என்பதுதானே அவன் பேச்சின் சாரம்? இது அசல் பகுத்தறிவு வார்த்தையாகும். இதுவரையில் அவனுக்கும் நமக்கும் ஒரு பேதமும் இல்லை. ஆனால் இதைச் சொல்லுகிறவன் யார்? சிலர் தாங்களே யோசித்து மதம் மாறி வந்தவர்களாயிருக்கலாம், அவர்களை விட்டுவிடுவோம். மார்மன் வீட்டில் பிறந்தவனோ, தாய் மார்மன், தகப்பன் மார்மன் என்பதால் எட்டு வயதில் முழுக்குப் பெற்று, பதினெட்டு வயதில் அந்தத் தகப்பன் பணத்தில் கப்பல் ஏறியவன். பெற்றோர் மதத்தை விடு என்று ஊராருக்கு உபதேசிக்க வந்தவன், தன் பெற்றோர் மதத்தை ஒரு நாளாவது தூரத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தவனல்ல. அப்படிப் பார்ப்பதற்கு மனிதனுக்கு முக்கியமாய் வேண்டியவை இரண்டு: ஒன்று தனிமை, மற்றொன்று எதிர்க்கட்சியின் புஸ்தகம். இந்த இரண்டையும் அல்லவா அந்தத் தினசரித் திட்டம் முதல் வேலையாய்ப் பறித்துக்கொள்ளுகிறது?

இனி, அவர்கள் சொல்லும் பரீட்சையைக் கவனிப்போம். புஸ்தகத்தைப் படித்துவிட்டு, இது உண்மையா என்று கடவுளிடமே கேளுங்கள். உள்ளத்தில் ஒரு நல்லுணர்ச்சி உண்டாகும். அதுவே பதில் என்பார்கள். சரி, உணர்ச்சி உண்டாகவில்லையென்றால்? சரியாய்ப் படிக்கவில்லை, உண்மை மனதோடு கேட்கவில்லை, மறுபடியும் கேளுங்கள் என்பார்கள். "ஆம்" என்ற பதில் வந்தால் மதம் ஜெயித்தது; "இல்லை" என்று வந்தால் கேட்டவன் தோற்றான்! தேறினால் வாத்தியார் கெட்டிக்காரர், தவறினால் பையன் மக்கு என்பதுபோன்ற இதற்குப் பரீட்சை என்று பெயரா?

கேள்வி கேட்காத பிள்ளையின் கையில் எதைக் கொடுத்து அனுப்பினாலும் கொண்டுபோய்க் கொடுப்பான் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். 1978 ஜூன் வரையில் ஆப்பிரிக்க வம்சத்தில் வந்த ஆண்களுக்கு அம்மதத்தில் குருப்பட்டம் கிடையாது. பிரேசிலிலோ பல இனங்களும் கலந்த ஜனங்கள். ஆகவே அங்கே போன வாலிபர்கள், பாடம் கேட்க வந்த குடும்பத்தில் கறுப்பு ரத்தம் இருக்கிறதா என்று துப்பு விசாரிக்க வேண்டியிருந்தது. முன்னோர் யாரென்று கேட்பார்கள்; வீட்டிலுள்ள பழைய போட்டோக்களை வாங்கிப் பார்ப்பார்கள். எல்லோரும் தெய்வத்தின் பிள்ளைகள் என்று உபதேசிக்க வந்த பத்தொன்பது வயதுப் பையன், உபசரித்து உட்காரவைத்த வீட்டுக்காரனுடைய பாட்டியின் முகத்தில் ஜாதி தேடுகிறான்! பிறகு 1978-ல் கடவுள் புது உத்தரவு கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்தத் தடைக்கு முன்பு சொல்லிவந்த வியாக்கியானங்களெல்லாம் தங்களுடையதல்ல என்று 2013-ல் சபையே கைகழுவிவிட்டது. வியாக்கியானத்தைக் கைகழுவலாம், அதைச் சுமந்துகொண்டு போன பிள்ளையினுடைய மனச்சாட்சிக்கும், அதைக் கேட்டுத் தலைகுனிந்த குடும்பத்துக்கும் யார் பதில் சொல்லுவது?

பெண்களின் நிலையையும் பாருங்கள். ஒரு பெண்ணும் ஆணைப்போலவே அலைகிறாள், பாஷை கற்கிறாள், பாடம் சொல்லுகிறாள். அவள் சொல்லைக் கேட்டு ஒருவர் மதம் மாற இசைந்தாலோ, தண்ணீரில் இறக்கி முழுக்காட்ட ஒரு ஆண்பிள்ளை வர வேண்டும். குருத்துவம் பெண்ணுக்கு இன்றுவரை இல்லை. உழைப்புக்குப் பெண், அதிகாரத்துக்கு ஆண் என்கின்ற இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் உலகத்து மதங்களுக்குள் சண்டையே இல்லை.

கடைசியாக, பாதியில் திரும்பி வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பு முடியாமலோ, மனம் சோர்ந்தோ, சந்தேகம் பிறந்தோ சிலர் தவணைக்கு முன்பே வீடு திரும்புகிறார்கள். இரண்டு வருஷம் முடித்தவனுக்குச் சபையில் மரியாதை. பெண் கொடுப்பாரும் மதிக்கிறார்கள். பாதியில் வந்தவனிடம் "ஏன் வந்தாய்?" என்ற கேள்வி வாயால் கேட்கப்படாவிட்டாலும் கண்ணால் கேட்கப்படுகின்றது. தகுதியுள்ள ஒவ்வொரு வாலிபனும் போகவேண்டும் என்பது 1974 முதல் தலைவர்கள் வற்புறுத்திவருகிற கடமை. பெயருக்கு இது மனமுவந்த தொண்டு. போகாதவனும் திரும்பியவனும் தலைநிமிர்ந்து நடக்க முடியாத ஊரில் மனமுவந்த தொண்டு என்பதற்கு அர்த்தம் என்ன என்று கேட்கிறோம்.

ஆகவே, வாசகர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். எந்த ஊரிலானாலும் இவ்விரு பிள்ளைகள் உங்கள் வாசலில் வந்து நின்றால் விரட்டாதீர்கள், வையாதீர்கள். காப்பி குடிக்கமாட்டார்கள், தண்ணீர் கொடுங்கள். உட்காரச் சொல்லுங்கள். சொல்லுவதை முழுதும் கேளுங்கள். கேட்ட பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தம்பி, என் தகப்பனார் மதத்தை நான் சோதித்துப் பார்த்து, பிழையென்று கண்டால் விட்டுவிட வேண்டும் என்கிறாய். நல்ல வார்த்தை. உன் தகப்பனார் மதத்தை நீ எப்பொழுது சோதித்துப் பார்த்தாய்? பிழையென்று கண்டால் விட்டுவிட உனக்கு அனுமதி உண்டா?"

அன்றைக்கே அவன் பதில் சொல்லமாட்டான். பக்கத்தில் கூட்டாளி இருக்கிறான். ஆனால் இரவு 10.30-க்கு விளக்கு அணைந்த பிறகு, அந்தத் திட்டத்தில் எவரும் கணக்கெடுக்க முடியாத சில நிமிஷங்கள் இருக்கின்றன. அந்த நிமிஷங்களில் அக்கேள்வி அவனோடு இருக்கட்டும். தான் பெற்ற பிள்ளைக்கும் அதே கேள்வியைக் கேட்க இடங்கொடுக்கிற தகப்பனே, எந்த மதத்தவனாயிருந்தாலும், தன் பிள்ளையை மனிதனாய் வளர்த்தவனாவான்.